டி செல் "எக்ஸாஸ்ட்" ஆயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு, ரெஸ்ட் குடுத்தா சரியாகுமா?

செம்பூர்வாசி
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எனக்கு 34 வயசு, ஊரு தென்காசி பக்கம், ஆறு வருஷமா மும்பைல செம்பூர்ல இருக்கேன். ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸ்ல ரத்த தான கேம்ப் வெச்சாங்க, ரத்தம் குடுத்தேன், பிஸ்கட்டும் சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வந்துட்டேன். பத்து நாள் கழிச்சு ப்ளட் பேங்க்ல இருந்து போன், தனியா வந்து பாருங்கன்னு. போனா ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்ங்கிறாங்க. எனக்கு இதுவரைக்கும் மஞ்சக்காமாலைன்னு ஒண்ணு வந்ததே இல்ல. அம்மாவுக்கு ஊர்ல டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், அவங்களுக்கும் பாசிட்டிவ், அப்ப பொறக்கும்போதே வந்திருக்கும்னு சொல்றாங்க. அம்மா போன்ல "நான்தானாடா உனக்குக் குடுத்தேன்"னு ஒரே அழுகை, அவங்கள சமாதானம் பண்ணவே ஒரு வாரம் ஆச்சு.

ரிப்போர்ட் இது: இ-ஆன்டிஜென் (வைரஸ் மும்முரமா பெருகுதான்னு காட்டுறது) நெகட்டிவ், வைரஸ் டிஎன்ஏ 800 சொச்சம், எஸ்ஜிபிடி (லிவர் என்சைம்) 28, லிவர்ல தழும்பு இருக்கான்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேன் நார்மல். பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல, பேர் வேண்டாம், ரெண்டரை மணி நேரம் உக்கார வெச்சு நாலு நிமிஷம் பாத்தாரு டாக்டர். இப்ப மருந்து வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுங்கன்னாரு. 34 வருஷமா என் உடம்பு ஏன் சார் இத துரத்தலன்னு கேட்டேன். "உங்க டி செல்ஸ் எக்ஸாஸ்ட் ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்ட்டுட்டாரு.

எக்ஸாஸ்ட்னா என்னங்க, களைச்சுப் போச்சா? களைச்சதுன்னா தூங்கினா, விட்டமின் சாப்ட்டா எழுந்திருக்கணும்ல? கேன்சருக்கு டி செல்ல எழுப்புற ஊசி இருக்குன்னு படிச்சேன், அத ஏன் எனக்குப் போடல? இன்னொண்ணு, அம்மா கூரியர்ல கீழாநெல்லிப் பொடி அனுப்பியிருக்காங்க, ஒரு கிலோ.

லேப்_எலி
நான் டாக்டர் இல்ல, இம்யூனாலஜில பிஹெச்டி முடிச்சிட்டு இங்க ஒரு லேப்ல எலியோட குடும்பம் நடத்திட்டு இருக்கேன், அதனால மருந்து விஷயத்துக்கு உங்க டாக்டர்தான். ஆனா அந்த நாலு நிமிஷத்துல அவர் சொல்லாம விட்டத சொல்லலாம்.

முதல்ல அந்த வார்த்தையே தப்பா புரிய வைக்குது. களைப்பு இல்ல இது. களைச்சவன் தூங்கி எழுந்தா பழைய ஆளாயிடுவான். இந்த செல் வேற ஆளாவே மாறிடுது.

சாதாரணமா ஒரு ஃப்ளூ வருதுன்னு வெச்சுக்கோங்க. அந்த வைரஸ அடையாளம் தெரிஞ்ச டி செல், அதாவது நோயோட சண்டை போடுற ஒரு வகை வெள்ளையணு, உடம்புல ரொம்ப கொஞ்சம்தான் இருக்கும், அது பாத்ததும் மடமடன்னு பெருகி, வைரஸ் இருக்குற செல்லத் தேடித் தேடிக் கொன்னு, ஒரு வாரம் பத்து நாள்ல வேலைய முடிச்சிடும். முடிச்சதும் முக்காவாசிக்கு மேல செத்துடும், மிச்சம் இருக்குற கொஞ்சம் மெமரி செல்லா அமைதியா காத்திருக்கும். அந்த அமைதி முக்கியம். வைரஸோட வாசனையே இல்லாத நாட்கள்லதான் நல்ல மெமரி செல் உருவாகுது. ஹெப் பி, ஹெப் சி, ஹெச்ஐவி மாதிரி போகாத வைரஸ்ல அந்த அமைதியே கிடைக்காது, வருஷக்கணக்கா கண்ணு முன்னாடியே ஆன்டிஜென், அதாவது டி செல் அடையாளம் பாக்குற வைரஸோட துண்டு, நிக்குது. அதுவும் ஹெப் பி ரொம்ப மோசம், ஒரு முழு வைரஸ் வெளிய வந்தா அதுகூட உள்ள ஒண்ணும் இல்லாத வெறும் உறை ஆயிரக்கணக்குல ரத்தத்துல வந்து கொட்டும்.

இது எப்படித் தெரிய வந்துச்சுங்கிற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்சிஎம்வின்னு ஒரு எலி வைரஸ். அதுல ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு வகை, எலிக்குப் போட்டா எட்டு பத்து நாள்ல போயிடும். க்ளோன் 13னு இன்னொண்ணு, அந்த ஆர்ம்ஸ்ட்ராங்ல இருந்தே வந்தது, மரபணுல இத்துனூண்டு வித்தியாசம்தான், ஆனா போட்டா மாசக்கணக்குல ரத்தத்துல ஓடும். 1993ல ஸ்விஸ்ல ஜிங்கர்நாகல் குரூப், இந்த மாதிரி நீடிக்கிற எல்சிஎம்வில வைரஸ எதிர்க்கிற டி செல்லே தீந்து போயிடுதுன்னு சொன்னாங்க, எக்ஸாஸ்ஷன்ங்கிற பேரு அப்படித்தான் வந்துச்சு, கையிருப்பு தீந்து போறதுங்கிற அர்த்தத்துல. அப்புறம் டெட்ராமர்னு ஒரு டெக்னிக் வந்துச்சு, எந்த டி செல் எந்த வைரஸுக்கானதுன்னு கலர் ஒட்டி எண்ணலாம். 1998ல அமெரிக்காவுல ரஃபி அகமதோட லேப், மனுஷன் நம்ம ஹைதராபாத்காரர், அத வெச்சு எண்ணிப் பாத்தா செல் அங்கயேதான் இருக்கு! ஆனா இன்டர்ஃபெரான், அதாவது வைரஸ எதிர்க்க டி செல் விடுற புரோட்டீன், சுரக்கல. மஸ்டர்ல கையெழுத்து இருக்கு, ஆளு சீட்லயும் இருக்காரு, ஃபைல் நகரல, அந்த கேஸ்.

வேல நிக்கறதும் ஒரு வரிசைல நிக்குது. முதல்ல ஐஎல்-2ன்னு பெருகச் சொல்ற சிக்னல் புரோட்டீன் சுரக்குறது போகும், பெருகுற திறமை போகும், அப்புறம் டிஎன்எஃப்ங்கிற இன்னொரு சிக்னல் புரோட்டீன், கடைசிலதான் இன்டர்ஃபெரான் காமா. அதுக்கப்புறமும் ஆன்டிஜென் விடலன்னா செல்லே அழிஞ்சிடும், அந்த வகைல 1993 ஆளுங்க சொன்னதும் முழுத் தப்பு இல்ல. கூடவே செல்லோட மேல பிடி-1, டிம்-3, லாக்-3ன்னு பிரேக்குங்க ஒண்ணு மேல ஒண்ணா முளைக்கும். நல்ல டி செல்லும் சண்டை போடும்போது பிடி-1 காட்டும், ஆனா வேல முடிஞ்சா இறக்கிடும். இது இறக்கவே இறக்காது.

மாட்டுங்கா_மாமி
எலி சார், நன்னா சொன்னேள், ஆனா பாதிக்கு மேல நேக்கு தலைக்கு மேல போயிடுத்து. பிரேக்குன்னா யார் போடறா? வைரஸா?

லேப்_எலி
மாமி, நல்ல கேள்வி. நம்ம உடம்பேதான் போடுது. உங்க பில்டிங்ல பழைய க்ரில் கதவு லிஃப்ட் இருக்கா? கதவு சரியா மூடலன்னா "கிருப்பயா தர்வாஜா பந்த் கரேன்"னு ஒரு அம்மா குரல் கத்திக்கிட்டே இருக்குமே, அந்த லிஃப்ட். எங்க சொசைட்டில மூணாவது மாடி க்ரில் வளைஞ்சு போய் கதவு மூடவே மூடாது. முதல் நாள் வாட்ச்மேன் ஒவ்வொரு தடவையும் மாடி ஏறி ஓடினாரு. ரெண்டாம் நாளும் ஓடினாரு. ஒரு வாரம் ஆச்சு, கமிட்டில ஆர்டர் பாஸ் ஆகல, மெக்கானிக் வரல, ராத்திரி ரெண்டு மணிக்கும் அந்தக் குரல். கடைசில ஸ்பீக்கர் ஓட்டைல துணிய அடைச்சு மேல பேக்கிங் டேப் ஒட்டிட்டாரு. இப்பவும் காது வெச்சுக் கேட்டா உள்ள முணுமுணுன்னு ஒரு சத்தம் வரும்.

துணிதான் பிடி-1. அடைச்சது திருடன் இல்ல, நம்ம வாட்ச்மேன். ஏன் அடைச்சாரு? இல்லன்னா பில்டிங்ல ஒருத்தனும் தூங்க முடியாது.

இத சும்மா உவமைக்குச் சொல்லல. 2006ல அதே ரஃபி அகமது லேப்ல பிடி-1 பிரேக்க ஆன்டிபாடி வெச்சு மறைச்சாங்க, களைச்ச டி செல் திரும்ப வேல செஞ்சுது, எலில வைரஸ் குறைஞ்சுது. எல்லாரும் கொண்டாடுறது அந்தப் பாதிய. அதே பேப்பர்ல இன்னொரு பாதி இருக்கு: பிடி-எல்1, அதாவது அந்த பிரேக்க அமுக்குற கால், அது பொறவிலயே இல்லாத எலிக்கு க்ளோன் 13 போட்டாங்க. சில நாள்ல செத்துப் போச்சு, வைரஸால இல்ல, அதோட டி செல்லே அத அடிச்சுக் கொன்னுடுச்சு. அப்ப எக்ஸாஸ்ஷன்ங்கிறது தோல்வி மட்டும் இல்ல, ஒரு மாதிரி பேச்சுவார்த்தை. துரத்த முடியலன்னா வீட்ட இடிக்காம கூட வாழ்ந்துடுவோம்னு.

செம்பூர்வாசி சார், உங்க ஊசி கேள்விக்குப் பதிலும் இதுலதான் இருக்கு. ஹெப் பி வைரஸ் நேரடியா லிவர் செல்லப் பெருசா கொல்றதில்ல. லிவர அடிக்கிறது நம்ம டி செல்தான், வைரஸ் இருக்குற செல்லக் கொல்லும்போது எஸ்ஜிபிடி ஏறுது. உங்களுக்கு 28. துணிய உருவினா என்ன ஆகும்னு யோசிங்க.

தாராவிப்_பையன்
எக்ஸாஸ்ட் ஃபேன்தான் எனக்குத் தெரிஞ்ச எக்ஸாஸ்ட் 😂 ஆனா சீரியஸா ஒரு டவுட், கேன்சர்ல அதே துணிய உருவுறாங்கல்ல? அங்க ஆபத்து இல்லையா

லேப்_எலி
இருக்கு தம்பி. பிடி-1 ஜீன 1992ல கண்டுபிடிச்சது ஜப்பான்ல ஹோஞ்சோ லேப், 2018ல அவருக்கும் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் சேத்து நோபல். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் அந்த வழில வந்ததுதான். போட்டவங்கள்ல சிலருக்கு குடல், லிவர், தைராய்டு, நுரையீரல்னு சொந்த டி செல்லே அடிக்கும், ஸ்டீராய்டு குடுத்து அடக்குவாங்க. கேன்சர்ல உயிர் போற நிலைல அந்த ரிஸ்க் எடுக்கலாம். எஸ்ஜிபிடி 28ல ஆபீஸ் போயிட்டு வர ஆளுக்கு எடுக்க முடியாது. ஹெப் பி ஆளுங்களுக்கே நிவோலுமாப் குடுத்து 2019ல சின்னதா ஒரு ட்ரையல் வந்துச்சு, ஒரே ஒருத்தருக்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் (ஹெப் பி இருக்குன்னு காட்டுற வைரஸோட உறைப் புரோட்டீன்) போச்சு, அவருக்கும் நடுவுல லிவர் என்சைம் எகிறிச்சு.

முன்னாள்_ஹெப்சி
என் கதை கொஞ்சம் உதவலாம். எனக்கு 90கள்ல ஒரு ஆபரேஷன், அப்ப ஏத்துன ரத்தத்துல ஹெப் சி வந்திருக்கும்னு சொன்னாங்க, 2016ல சோஃபோஸ்புவிர் கூட்டு மாத்திரை 12 வாரம் சாப்ட்டேன், வைரஸ் சுத்தமா போயிடுச்சு. டாக்டர்கிட்ட கேட்டேன், இருவது வருஷமா மோதிக்கிட்டு இருந்த டி செல்லுக்கு இப்ப எதிரியே இல்ல, அப்ப அது பழைய மாதிரி ஆயிடுமா, மறுபடி வராம காக்குமான்னு. முழுசா ஆகாது, தழும்பு இருக்கும், மறுபடி ரத்தம் மூலமா வந்தா மறுபடி ஒட்டும், ஜாக்கிரதைன்னாரு. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு. போர் முடிஞ்ச அப்புறமும் சிப்பாய் வீட்டுக்கு வந்து பேசாம உக்காந்திருக்குற மாதிரி.

லேப்_எலி
அண்ணா, உங்க டாக்டர் சொன்னது சரி. "தழும்பு"ன்னே ஆராய்ச்சி பேப்பர்லயும் எழுதுறாங்க. 2021ல ஹெப் சி குணமானவங்களோட டி செல்ல எடுத்துப் பாத்தாங்க, மேல தெரியுற சில விஷயம் மாறியிருந்தாலும் உள்ள டிஎன்ஏ சுருட்டி வெச்சிருக்குற விதம் பெரும்பாலும் களைச்ச மாதிரியேதான் இருந்துச்சு.

லிஃப்ட் உவமை இந்த இடத்துலதான் உடையுது. வாட்ச்மேன் டேப்ப கிழிச்சா ஸ்பீக்கர் பழைய ஸ்பீக்கர்தான். செல்லுல அப்படி இல்ல. எந்த ஜீன தொறந்து வெக்கணும், எத மடிச்சு பரண்ல போடணும்ங்கிறதே மாறிடுது. 2019ல நாலஞ்சு லேப் தனித்தனியா ஒரே பேர்ல வந்து முட்டிக்கிட்டாங்க, டாக்ஸ்னு ஒரு புரோட்டீன், சிக்னல் விடாம வந்துக்கிட்டே இருந்தா அது ஏறி உக்காந்து செல்லோட புரோக்ராமையே மாத்துது. டாக்ஸ எடுத்துட்டா செல் நல்லா சண்டை போடும்னு நினைப்பீங்க, அதுதான் இல்ல, கொஞ்ச நாள்ல செத்துப் போயிடுது. அந்த செல்ல உயிரோட தாக்குப்பிடிக்க வெக்கிறதும் அதே டாக்ஸ்தான்.

கடைசியா ஒண்ணு, இத கேட்டா கொஞ்சம் நம்பிக்கை வரும். களைச்ச செல் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. டிசிஎஃப்-1ங்கிற புரோட்டீன் வெச்சிருக்குற ஒரு சின்னக் கூட்டம் நிணநீர்க் கட்டி, மண்ணீரல் பக்கம் ஒதுங்கி இருக்கும். 2016ல தெரிஞ்சுது. இதுங்க நேரா சண்டைக்குப் போகாது, மெதுவா பெருகி, சண்டை போடுற பிள்ளைங்கள அனுப்பிக்கிட்டே இருக்கும். எங்க தாத்தா குதிர்ல அடி வரைக்கும் போகாம ஒரு மூட்டை விதைநெல்லு எடுத்து வெப்பாரு, பஞ்சத்துலயும் தொட மாட்டாரு, அது மாதிரி. பிடி-1 ஊசி போட்டா எழுந்து வர்றதும் பெரும்பாலும் இந்த விதைநெல்லுதான், ஏற்கனவே முழுசா ஓய்ஞ்சது எழுறதில்ல.

செம்பூர்வாசி
எலி சார், எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், ஒருக்கா ஹார்பர் லைன்ல தொங்கிக்கிட்டே, ஒருக்கா வீட்ல. ஒரு இடம் உதைக்குது. என் டி செல்லு இவ்ளோ மோசமா ஓய்ஞ்சு போச்சுன்னா வைரஸ் ஏன் 800ல நிக்குது? கோடில இருக்கணுமே?

லேப்_எலி
ஆஹா. பசங்களுக்கு கிளாஸ் எடுத்தப்ப இந்தக் கேள்விய ஒருத்தன்கூட கேட்டதில்ல.

ஓய்ஞ்ச செல் சும்மா இருக்குற செல் இல்ல, அதான் பதில். குரங்குல எஸ்ஐவின்னு ஹெச்ஐவியோட சொந்தக்கார வைரஸ், அது நாள்பட்டு இருக்குற குரங்குல 1999ல சிடி8ங்கிற, வைரஸ் இருக்குற செல்லக் கொல்ற வகை டி செல்ல ஆன்டிபாடி குடுத்து மொத்தமா நீக்கிப் பாத்தாங்க. வைரஸ் மளமளன்னு ஏறிடுச்சு, அந்த செல் திரும்பி வந்ததும் இறங்குச்சு. களைச்சதுன்னு நாம ஒதுக்கின அதே கூட்டம்தான் அதுவரைக்கும் மூடிய அமுக்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கு. ஹெப் பில சிறுவயசுல வர்றவங்களுக்கு முதல்ல பல வருஷம் வைரஸ் கோடிக்கணக்குல ஓடும், அப்புறம் ஒரு கட்டத்துல உடம்பு ஒரு சண்டை போட்டு கீழ இறக்கும், நமக்கே தெரியாம. உங்களுக்கும் எப்பவோ அது நடந்திருக்கலாம். இ-ஆன்டிஜென் நெகட்டிவ், டிஎன்ஏ 2000க்குக் கீழ, என்சைம் நார்மல், இதெல்லாம் அமைதியான கட்டத்தோட அடையாளம். ஆனா அந்த அமைதி மாறலாம், அதான் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கன்னது. வைரஸோட டிஎன்ஏ லிவர் செல்லோட நியூக்ளியஸ்ல வட்டமா சுருண்டு உக்காந்திருக்கு, டெனோஃபோவிர் மாதிரி மாத்திரையும் பெருகுறதத்தான் நிறுத்தும், அந்த வட்டத்த எடுக்காது. பின்னாடி எப்பவாவது கேன்சர் மருந்தோ, மூட்டுவலிக்கு இம்யூனிட்டி அடக்குற ஊசியோ, ரொம்ப நாள் ஸ்டீராய்டோ எழுதினாங்கன்னா ஹெப் பி இருக்குன்னு முதல்ல சொல்லிடுங்க. பிடிச்சிட்டு இருக்குற கைய எடுத்தா வைரஸ் திரும்ப எழும்.

மாட்டுங்கா_மாமி
கீழாநெல்லிக்கு யாருமே பதில் சொல்லலையே! எங்காத்துல மஞ்சக்காமாலைன்னா மோர்ல அரைச்சுக் கலக்கிக் குடுத்துடுவோம். இங்க கிங்ஸ் சர்க்கிள் மார்க்கெட்லயே கட்டு கட்டா கிடைக்கறது.

லேப்_எலி
மாமி, இத கிண்டல் பண்ணி ஒதுக்க மாட்டேன், ஏன்னா உலகமே ஒருக்கா இத சீரியஸா எடுத்துச்சு. 1988ல மெட்ராஸ்ல தியாகராஜன் குழு லான்செட்ங்கிற மெடிக்கல் பத்திரிகைல போட்டாங்க, ஹெப் பி வைரஸ சுமக்குறவங்க 37 பேருக்கு கீழாநெல்லி குடுத்ததுல 22 பேருக்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் காணாம போச்சு, வெத்து மாத்திரை குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் போச்சு. அந்தக் காலத்துல பெரிய பரபரப்பு. அப்புறம் வேற வேற நாட்டுல செஞ்சு பாத்தாங்க, அந்த ரிசல்ட் திரும்ப வரல. அதோட சாதாரண மஞ்சக்காமாலைல பெரும்பாலும் ஹெப் ஏ, ஹெப் ஈதான் இருக்கும், அது தானாவே சில வாரத்துல போற வைரஸ், மோர் குடிச்சாலும் போகும் குடிக்கலன்னாலும் போகும். பேரு மட்டும் கீழாநெல்லிக்கு.

இம்யூனிட்டி பூஸ்டர் சமாசாரம் இத விட மோசம். கொரோனா சமயத்துல ஊரே சீந்தில் குடிச்சுதே, இங்க கிலோய்னு சொல்றாங்க. நம்ம மும்பை டாக்டருங்களே 2021ல அத குடிச்சு லிவர் அடி வாங்கின ஆறு பேர பத்தி எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல, சண்டை போச்சு. ஹெப் பி இருக்குற லிவர்ல போய் "டி செல்ல தட்டி எழுப்பு"ன்னு எதையோ ஊத்துறது எனக்கு பயமா இருக்கு, எழுப்பாதுங்கிறது ஒரு பக்கம், எழுந்துட்டா அடிக்கிறது லிவரத்தானே.

செம்பூர்வாசி
சரி சார், பொடி டப்பா கிச்சன் மேல் தட்டுக்குப் போயிடுச்சு, அம்மாகிட்ட சாப்ட்டுட்டு இருக்கேன்னு சொல்லிட்டேன், பாவம். வொய்ஃப் நெகட்டிவ், வேக்சின் ரெண்டு டோஸ் முடிஞ்சுது, மூணாவது பாக்கி. லிஃப்ட்ல ஏறும்போதெல்லாம் இப்ப ஸ்பீக்கரத்தான் பாக்குறேன், எங்க பில்டிங்லயும் டேப் ஒட்டியிருக்கு!!

முன்னாள்_ஹெப்சி
தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க யாராவது?

செம்பூர்வாசி
அக்கா ஒருத்தி அண்ணா, மதுரைல. ரெண்டு பசங்க இருக்காங்க.

முன்னாள்_ஹெப்சி
அவங்க டெஸ்ட் எடுத்தாங்களா? பசங்களும்?

செம்பூர்வாசி
இல்லண்ணா. அம்மா அழுததுல எனக்கு அது தோணவே இல்ல. இப்பவே போன் போடுறேன்.